மருந்து இல்லையா, மருந்து தேவையில்லையா?

கடந்த மாரி முடிந்த கையோடு, வாழ்வாதார உதவி பெற்ற குடும்பங்களைப் பார்ப்பதற்காக வன்னியிலுள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். வழமையாகப் படலையைத் திறந்ததுமே கோழிகள் காலைச் சுற்றும் ஒரு வீடு அங்கு உண்டு. அன்று கூடு வெறுமையாக இருந்தது. நோய் ஏதும் வந்து கோழிகள் செத்துவிட்டனவோ என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, வித்துப்போட்டன். காசு சேர்க்கிறன். எனக்குப் புற்றுநோயாம். ஆஸ்பத்திரியில மருந்து இல்லையாம். மூண்டு மாசத்தால வரட்டாம் எண்டு அனுப்பிப்போட்டினம்."

அந்த அம்மாவுக்கு வயது 61. தன் கணவரை 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் கடைசியாகக் கண்டவர். அப்போது குழந்தையாக இருந்த மகள் இன்று தையல் வேலைக்குச் செல்கின்றாள். அம்மாவின் இடது தோள்பட்டைக்குள் ஒரு செல் துண்டு இன்னும் இருக்கின்றது. எமது வாசகிகளில் பலருக்கு இவரைப் போன்ற ஒருவரைத் தெரிந்திருக்கும். சிலர் இவரைப் போன்றவர்களாகவே இருப்பீர்கள்.

நடந்தது இதுதான். கண் சத்திரசிகிச்சைக்கு முன்னர் எடுத்த குருதிப் பரிசோதனையில் வெண்குழியங்களின் எண்ணிக்கை கூடுதலாகக் காணப்பட்டது. மீண்டும் பரிசோதித்தார்கள். மாதிரியை வேறு இடத்துக்கும் அனுப்பினார்கள். சில மாதங்களின் பின்னர், சனம் நிறைந்த ஒரு கிளினிக்கில், இது மெதுவாக வளரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் என்றும், இப்போது சிகிச்சை தேவையில்லை என்றும் வைத்தியர் கூறினார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருவர் அவசரமாக மொழிபெயர்த்தார். "மருந்து தேவையில்லை" என்பது அம்மாவின் காதில் "மருந்து இல்லை" என்று விழுந்தது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாம் எவரும் மறக்கவில்லை. ஆகவே அவர் சொல்லக் கேட்டபோது எனக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை. உண்மையைக் கூறுவதாயின், நானும் கோபப்பட்டேன். கணவரில்லாத ஏழைப் பெண் என்றபடியால்தானே இப்படி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். முறைப்பாட்டுக் கடிதமொன்றை எழுதவும் யோசித்தேன். அம்மாவோ அதற்குள் கோழிகளை விற்றுவிட்டார். அடுத்ததாகக் காணி உறுதியை வைத்துப் பணம் பெறுவதற்கு ஒருவரிடம் கதைத்தும் இருந்தார். இருபது ஆண்டுகளாக இடம்பெயர்ந்து திரிந்து, கடைசியில் கையில் கிடைத்த உறுதி அது.

அடுத்த கிளினிக்குக்கு நானும் அவருடன் சென்றேன். தமிழ் தெரிந்த தாதி ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொண்டோம். வைத்தியர் ஒரு தாளில் படம் வரைந்து பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் அறிந்துகொண்டதையும், அதன் பின்னர் வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கு எழுதுகின்றேன். இன்னொரு பெண் உறுதியைக் கையில் எடுப்பதற்கு முன்னர் இது அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.

இது என்ன நோய்?

எமது குருதியில் செங்குழியங்கள், வெண்குழியங்கள், குருதிச் சிறுதட்டுக்கள் என்பன உள்ளன. வெண்குழியங்கள் கிருமிகளை எதிர்த்துப் போராடுபவை. அவற்றில் ஒருவகை லிம்போசைற் எனப்படும். லிம்போசைற்றுகளில் ஒருபகுதி, காலம் முடிந்தும் சாகாமல் குருதியிலும் என்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் மெல்ல மெல்லச் சேர்வதே குரோனிக் லிம்போசைற்றிக் லியூக்கேமியா என்னும் நோயாகும். வைத்தியர்கள் சுருக்கமாகச் சி.எல்.எல். என்பார்கள்.

இரத்தப் புற்றுநோய் என்றதும் எமது மனதில் வருவது, சில வாரங்களுக்குள்ளேயே ஆளை விழுத்தும் நோய்தான். சிறு பிள்ளைகளுக்கு வரும் கடுமையான வகையைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்பட்டிருக்கின்றோம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்கவேண்டும். சி.எல்.எல். அவ்வாறானதல்ல. இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. மேலைநாடுகளில் அதிகமாகவும் ஆசிய நாடுகளில் குறைவாகவும் காணப்படுவது. அதனாலேயே எமது ஊர்களில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. பலருக்கு எந்த நோய்க்குணமும் இருப்பதில்லை. வேறு தேவைக்காக எடுத்த பரிசோதனையில் தற்செயலாகவே வெளிவரும்.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. நெருங்கிய உறவினருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். எனினும் அது மிகச் சிறியதே. பெரும்பாலானோரின் பிள்ளைகளுக்கு இந்நோய் வருவதில்லை. நீங்கள் செய்த பிழையால் வந்ததுமல்ல, யாருடைய சாபத்தாலும் வந்ததுமல்ல.

ஏன் உடனே சிகிச்சை தொடங்குவதில்லை?

எந்தப் புற்றுநோயையும் முளையிலேயே கிள்ளவேண்டும் என்றுதானே எமக்குச் சொல்லித்தந்திருக்கின்றார்கள்? மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் அது முற்றிலும் சரி. அவற்றில் ஒரு கட்டியோ, மாற்றமடைந்த ஒரு பகுதியோ இருக்கும். அதைப் பரவுவதற்கு முன்னர் அகற்றிவிடலாம். சி.எல்.எல். ஆரம்பத்திலிருந்தே குருதியில் கலந்திருப்பது. வெட்டி எடுப்பதற்கு ஓர் இடம் இல்லை.

அப்படியானால் மருந்தையாவது முன்கூட்டியே கொடுக்கலாமே என்று வைத்தியர்களும் நினைத்தார்கள். 1980களில் பிரான்ஸ் நாட்டில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஆரம்ப நிலையிலுள்ள 1500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்த இரண்டு ஆய்வுகளிலும் பங்குபற்றினார்கள். ஒருபகுதியினருக்கு உடனே குளோரம்பியூசில் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. மறுபகுதியினர் மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டார்கள். முடிவுகள் 1998இல் வெளிவந்தன. முன்கூட்டியே மருந்து எடுத்தவர்களில் நோய் மெதுவாக வளர்ந்தது. ஆயினும் அவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. முதலாவது ஆய்வில் மருந்தின்றி இருந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேருக்கு, 11 ஆண்டுகளுக்கு மேலாகியும் நோய் முற்றவுமில்லை, சிகிச்சை தேவைப்படவுமில்லை.

அண்மைக் காலத்தில் புதிய மாத்திரைகள் வந்துள்ளன. அவற்றில் ஒன்றான இப்ரூற்றினிப் என்பதையும் ஜேர்மனியில் இவ்வாறே ஆரம்ப நிலையில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றுவது தள்ளிப்போனது. ஆனால் ஆயுள் கூடியதாகத் தெரியவரவில்லை. மருந்துக்கோ பக்கவிளைவுகள் உண்டு. சில மருந்துகளுக்கு நாளடைவில் நோய் பழகிவிடுவதும் உண்டு. ஆகவே தேவை வரும்வரை அவற்றைச் சேமித்து வைப்பதே நல்லது என்பது உலகெங்குமுள்ள வைத்தியர்களின் நடைமுறை. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள வசதிபடைத்த பெண்ணுக்கும் இதே நிலையில் இதே பதில்தான் கிடைக்கும்.

இதைக் கேட்டபோதுதான் அம்மாவின் முகம் மாறியது. "அப்ப வெளிநாட்டுச் சனத்துக்கும் இப்பிடித்தானோ?" என்று இரண்டு தரம் கேட்டார். ஏழை என்பதால் அல்ல, தமிழர் என்பதால் அல்ல, வன்னியிலிருந்து வந்தவர் என்பதால் அல்ல என்று அறிந்ததே அவருக்கு முதல் மருந்தாக அமைந்தது.

தோளில் இருக்கும் செல் துண்டு

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் சொன்னதை அப்படியே தருகின்றேன்.

"இந்தத் தோளில கிடக்கிறதையும் எடுக்க வேண்டாமெண்டுதானே டொக்டர் சொன்னவர். எடுக்க வெளிக்கிட்டால் கை விளங்காமல் போகுமாம். கிடக்கட்டும், கரைச்சல் தந்தால் பாப்பம் எண்டவர். இவ்வளவு வருசமாய்க் கிடக்குது. இதுவும் அப்பிடித்தான் போல."

எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை. உடலில் செல் துண்டுகளுடன் வாழும் பெண்கள் எம்மத்தியில் ஏராளம். இருப்பதைத் தெரிந்துகொண்டே சமைத்து, வேலை செய்து, பிள்ளைகளை வளர்க்கின்றீர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. செல் துண்டு வளர்வதில்லை. இந்த நோயோ வளரக்கூடியது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும். வேறு சிலருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே தேவைப்படும். யார் எந்த வகை என்பதைக் காட்டுவது தொடர் பரிசோதனைதான். ஆகவே மருந்து இல்லாவிட்டாலும் கிளினிக்குக்குப் போவதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

இன்னுமொன்று. உடலில் செல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க நேர்ந்தால், அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் வலிமையான காந்தத்தால் இயங்குவது.

வைத்தியர் எதைப் பார்க்கின்றார்?

முதலாவது ஆண்டில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைப்பார்கள். நோய் அமைதியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை என இடைவெளி கூடலாம். ஒவ்வொரு முறையும் குருதிப் பரிசோதனை செய்வார்கள். கழுத்து, கமக்கட்டு, அரை ஆகிய இடங்களில் கணுக்கள் வீங்கியுள்ளனவா என்றும், வயிற்றின் இடப்பக்கத்தில் மண்ணீரல் பெருத்துள்ளதா என்றும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள்.

வெண்குழியங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்காக மாத்திரம் சிகிச்சை தொடங்கமாட்டார்கள். எண்ணிக்கை மிக உயர்ந்திருந்தும் நலமாக இருப்பவர்கள் உண்டு. அது எவ்வளவு வேகமாகக் கூடுகின்றது என்பதே முக்கியம். ஆறு மாதத்துக்குள் லிம்போசைற்றுகள் இரட்டிப்பாகினால் அதைக் கவனத்தில் எடுப்பார்கள். நோயினால் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே வருதல், சிறுதட்டுக்கள் ஒரு இலட்சத்துக்குக் கீழே வருதல், கணுக்களோ மண்ணீரலோ பெரிதாக வீங்குதல் என்பனவும் சிகிச்சைக்கான காரணங்களாகும்.

வீட்டிலிருக்கும்போது நீங்கள் கவனிக்கவேண்டியவையும் உண்டு. முயற்சி எதுவுமின்றி ஆறு மாதத்துக்குள் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைதல். கிருமித்தொற்று எதுவுமில்லாமல் இரண்டு வாரமாகக் காய்ச்சல் காய்தல். உடுப்பை மாற்றவேண்டிய அளவுக்கு இரவில் வியர்த்தல் ஒரு மாதமாகத் தொடர்தல். வழமையான வேலைகளைச் செய்யமுடியாத அளவுக்குக் களைப்பு. புதிதாக வீங்கும் கணுக்கள். காரணமின்றி உடலில் கண்டல்கள் தோன்றுதல் அல்லது முரசிலிருந்து இரத்தம் வருதல். இவற்றில் ஏதேனும் ஏற்பட்டால் அடுத்த திகதிவரை பார்த்திருக்கவேண்டாம். கிளினிக் கொப்பியுடன் முன்னரே செல்லுங்கள்.

காத்திருப்பு எமக்குப் புதிதல்ல, ஆனால்…

வெளிநாடுகளில் இந்நோயாளர் பலர் சொல்வது, மருந்து எடுப்பதைவிடக் காத்திருப்பதே கடினம் என்பதாகும். மருந்து எடுத்தால் ஏதோ செய்கின்றோம் என்ற ஆறுதல் உண்டு. சும்மா இருப்பதோ மனதைத் தின்னும். இது அவர்களுக்கே அப்படியென்றால் எமது பெண்களுக்கு எப்படி இருக்கும்?

காத்திருப்பு எமக்கு இரட்டைச் சுமை. கடிதத்துக்காக, பதிவுக்காக, விடுதலைக்காக, காணி விடுவிப்புக்காக என்று காத்திருந்தவர்கள் நாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் பலர், விடை கிடைக்காமலேயே இறந்துபோயினர். இப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் "பொறுத்திருந்து பார்ப்போம்" என்று யாராவது கூறினால், அவளுக்கு அது ஏமாற்றுவதற்காகச் சொல்லும் வார்த்தையாகத்தான் கேட்கும். அவளில் பிழையில்லை. அவளது அனுபவம் அது.

ஒரு நாள் அம்மா என்னிடம் கூறினார்: "எனக்குச் சாகப் பயமில்லைப் பிள்ளை. நான் செத்தால் அவரைத் தேட ஆர் இருக்கினம்? அதுதான் பயம்."

நோயைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் தீராத பயம் இது. இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டேன், அவ்வளவுதான். பின்னர் இருவருமாகச் சேர்ந்து கணவர் தொடர்பான பத்திரங்கள், முறைப்பாட்டு இலக்கங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திப் பிரதி எடுத்து மகளிடம் ஒரு கோவையாகக் கொடுத்தோம். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டதாக அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னார். நோயைப் பற்றிய பயத்துக்குள் வேறொரு பயம் ஒளிந்திருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்து, செய்யக்கூடியதைச் செய்துவிட்டால் மனம் சற்று இலேசாகும்.

இரண்டு காத்திருப்புக்களுக்கும் இடையில் ஒரு வேறுபாட்டையும் காண்கின்றேன். அங்கே கேட்டதற்கு எவரும் பதில் தருவதில்லை. இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதில் தரவேண்டிய கடமை ஒருவருக்கு இருக்கின்றது. ஆகவே இதைக் "காத்திருப்பு" என்பதைவிடக் "கண்காணிப்பு" என்று கூறுவதே பொருத்தம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பதும், வைத்துவிட்டு மறந்துபோவதும் ஒன்றல்லவே.

மனப்பாரத்தைக் குறைக்கச் சில வழிகள்

கிளினிக் திகதி நெருங்கும்போது பயம் கூடுவது இயல்பு. அந்த வாரத்தில் நித்திரை குறையும், எரிச்சல் வரும், பழைய நினைவுகள் மேலெழும். இது பலவீனமல்ல. அந்த வாரத்தில் பாரமான வேலைகளையும் பெரிய முடிவுகளையும் தவிருங்கள். பரிசோதனைக்குப் போகும்போது யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு கொப்பி வைத்திருங்கள். திகதி, குருதி எண்ணிக்கைகள், உடல் நிறை, வந்த காய்ச்சல், கேட்கவேண்டிய கேள்விகள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். வைத்தியர் முன்னிலையில் பதற்றத்தில் மறந்துபோகும் கேள்விகள் அதில் இருக்கும். மொழி புரியவில்லை என்றால் "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்ல யாரும் உள்ளார்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பிழையாக விளங்கியிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். "இல்லை"க்கும் "தேவையில்லை"க்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை நாம் பார்த்தோம்.

எந்நேரமும் நோயையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிப் பாருங்கள். மாலையில் அரை மணித்தியாலம் அதை நினைக்கலாம், அழலாம், கதைக்கலாம். மற்ற நேரத்தில் அந்த நினைவு வந்தால் "பின்னேரம் பார்ப்போம்" என்று தள்ளிவையுங்கள். கைக்கு வேலை கொடுப்பதும் உதவும். இந்த அம்மா பனையோலைப் பெட்டி இழைப்பவர். ஓலை வார்க்கும்போது மனம் ஓலையில்தான் நிற்கும் என்பார்.

நித்திரையின்மை, பசியின்மை, வாழ்வதில் வெறுப்பு என்பன இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்கள் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ உளவளத்துணையாளரையோ நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் தொலைபேசியில் அழைக்கலாம்.

உடலைப் பேணுதல்

எண்ணிக்கையில் அதிகமாக இருந்தாலும் இந்த வெண்குழியங்கள் ஒழுங்காகப் போராடமாட்டா. ஆகவே கிருமித்தொற்று இலகுவாக ஏற்படும். காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கவேண்டாம். டெங்குவும் எலிக்காய்ச்சலும் உள்ள இடங்களில் வாழ்கின்றோம். அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, உங்களுக்கு இந்நோய் உள்ளதைச் சொல்லுங்கள். மூச்செடுக்கக் கஷ்டமோ மயக்கமோ இருந்தால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

இன்புளுவென்சா, நியூமோனியா போன்றவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். உயிருள்ள கிருமியிலிருந்து தயாரிக்கப்படும் சில தடுப்பூசிகள் இந்நோயாளருக்கு ஏற்றவையல்ல. ஆகவே எந்த ஊசிக்கு முன்னரும் நோயைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டிலோ அயலிலோ யாருக்கும் அம்மாள் வருத்தம் வந்தால் சற்று விலகியிருங்கள். உங்கள் உடலில் ஒரு பக்கமாக எரிவுடன் கொப்புளங்கள் தோன்றினால் அது அக்கியாக இருக்கலாம். தாமதிக்காமல் காட்டினால் மருந்து உண்டு.

வயலுக்கும் தோட்டத்துக்கும் போகும்போது செருப்பும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். வெட்டுக்காயங்களை உடனே கழுவிக் கட்டுங்கள். இந்நோயாளருக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், ஆறாத புண்ணோ மாறிவரும் மச்சமோ இருந்தால் காட்டுங்கள்.

சாப்பாட்டில் விசேட பத்தியம் எதுவுமில்லை. கீரை, பருப்பு, மீன், முட்டை, பழங்கள் எனக் கிடைப்பதைச் சத்தாகச் சாப்பிடுங்கள். ஒரு மூலிகை இந்நோயை மாற்றும் என்று யாராவது கூறினால், காசு கொடுக்கு முன்னர் வைத்தியரிடம் கேளுங்கள். சில மூலிகைகள் ஈரலைப் பாதிக்கும். தானாகவே அமைதியாக இருக்கும் நோய்க்கு மருந்து விற்பவருக்கு நல்ல வியாபாரம் உண்டு. நோய் வளராமல் இருப்பதைத் தனது மருந்தின் பலன் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

களைப்பு ஏற்பட்டால் சிறிது நேரம் ஓய்வெடுங்கள். நாள் முழுவதும் படுத்திருக்கவேண்டாம். மாலையில் கொஞ்சத் தூரம் நடப்பது களைப்பைக் குறைக்கும்.

யாரிடம் சொல்வது?

எல்லோரிடமும் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஒருவரிடமாவது சொல்லியாகவேண்டும். அம்மா மகளுக்கு மறைத்திருந்தார். மகளுக்குத் திருமணம் பேசும் நேரத்தில் "பரம்பரை வருத்தம்" என்று கதை கிளம்பிவிடும் என்ற பயம். மகளோ தாயின் மாற்றத்தைக் கண்டு, தான் தையல் வேலைக்குப் போவதில்தான் கோபம் என்று எண்ணியிருந்தாள். உண்மை தெரிந்தபோது அழுதாள். பின்னர் கிளினிக் கொப்பியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒன்றுமில்லை, யோசிக்காதே" என்று சொல்லாதீர்கள். "ஏன் இன்னும் மருந்து தரவில்லை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்காதீர்கள். அடுத்த திகதி எப்போது என்று கேளுங்கள். துணைக்கு வருகின்றேன் என்று சொல்லுங்கள்.

பணத்துக்காகக் காணியையோ நகையையோ அடகு வைப்பதற்கு முன்னர் வைத்தியரிடம் "எனக்கு இப்போது எந்தச் செலவாவது தேவையா?" என்று நேராகக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் கண்காணிப்புக்குக் கட்டணம் இல்லை. பின்னொரு காலத்தில் விலைகூடிய மருந்து தேவைப்பட்டால், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

மீண்டும் அந்த வீட்டில்

கடந்த மாதம் அங்கு சென்றேன். உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றது. கண் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. ஓலையின் நிறம் இப்போதுதான் வடிவாகத் தெரிகின்றதாம். கூட்டில் ஆறு கோழிக் குஞ்சுகள் நின்றன.

அண்மைய பரிசோதனையில் எண்ணிக்கை சற்றுக் கூடியிருந்தது. அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள். ஆனால் இம்முறை அவர் தானாகவே, தாதியின் உதவியுடன், வைத்தியரிடம் கேட்டிருக்கின்றார்: "இது இரட்டிக்கிற வேகமோ, சாதாரணமாய்க் கூடுற வேகமோ?" சாதாரணமாகக் கூடும் வேகம்தான் என்றும், மற்ற எண்ணிக்கைகள் நன்றாக உள்ளன என்றும் வைத்தியர் பதிலளித்தாராம். மூன்று மாதத்தின் பின்னர் மீண்டும் வரச் சொல்லியிருக்கின்றார்.

அடுத்த திகதியைச் சுவரிலுள்ள கலண்டரில் மகள் வட்டமிட்டிருந்தாள். பயம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. போயிருக்காது. தேநீர் தந்துகொண்டே அம்மா சொன்னார்:

"அந்த நாளைக்கு முதல் இந்தக் குஞ்சுகள் முட்டையிடத் தொடங்காது பிள்ளை. ஆனாப் பிறகு இடும்."